நால்வர் ஆடும் கிளிஞ்சல் கோபுரம்

இதில் தேதிகள் இருக்காது என்று என் மனைவிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். "தேதி போட்டு எழுதினா கல்லறையில பேர் படிக்கிற மாதிரி இருக்கும், ஒருத்தரும் படிக்க மாட்டாங்க" என்பது அவள் கட்சி. பழவேற்காட்டில் பிறந்தவனுக்கு அது ஒரு குறையாகவே தோன்றாது. எங்கள் ஊர் டச்சுக் கல்லறைகளில் பிறப்பும் இறப்பும் கல்லில் வெட்டியிருக்கும். சிறு வயதில் மற்றப் பிள்ளைகள் அங்கே ஒளிந்து பிடித்து விளையாடினார்கள். நான் கழித்தல் கணக்குப் போட்டு யார் எத்தனை வயதில் போனார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் வாக்கு வாக்குதான். எண்பதுகளின் தொடக்கம் என்று மட்டும் சொல்கிறேன். சொல்லும்போதே கை அரிக்கிறது.

கடைத்தெருவில் எங்களுக்கு வலைச் சாமான் கடை. நைலான் நூல், மிதவை, ஈயக் குண்டு, தூண்டில் முள், தோணிக்குப் பூசும் பெயிண்ட் எல்லாம் கிடைக்கும். பொட்டலம் கட்டுவதற்குப் பழைய பேப்பரை மூட்டையாக வாங்குவோம். என் படிப்பு முழுவதும் அந்த மூட்டைகளில் வந்ததுதான். உலக சரித்திரம், வானசாஸ்திரம், துப்பறியும் கதை எதையும் விட்டதில்லை. எல்லாவற்றிலும் நடுப்பகுதி மட்டும் நன்றாகத் தெரியும். முடிவு யாருடைய தூண்டில் முள்ளையாவது சுற்றிக்கொண்டு போயிருக்கும்.

அப்படி வந்த ஓர் இங்கிலீஷ் பத்திரிகையில் அந்தப் படத்தைப் பார்த்தேன். மேசையைச் சுற்றிக் கோட்டுப் போட்ட நான்கு பேர், நடுவில் கட்டம் போட்ட பலகை, கட்டங்களின் மேல் பல நிறத்தில் குட்டிக் குட்டிக் கோபுரங்கள். கோபுரம் கட்டி நிலம் பிடிக்கும் ஆட்டம் என்றும், விதிகள் அடுத்த பக்கத்தில் என்றும் கீழே போட்டிருந்தது. அடுத்த பக்கம் இல்லை. காலையில்தான் அதில் கால் கிலோ ஆணி கட்டிக் கொடுத்திருந்தேன். வாங்கியவரைத் தேடி ஏரிக்கரை வரைக்கும் ஓடினேன். அவர் ஆணியை எடுத்துக்கொண்டு காகிதத்தைத் தண்ணீரில் போட்டிருந்தார்.

வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். விதிகளை நானே எழுதிவிடலாம் என்று எனக்குத் தோன்றிற்று.

ஆட்டம் இதுதான். கட்டம் போட்ட பலகை ஒன்று, ஆடுபவர் நான்கு பேர். ஆளுக்கு ஒரு நிறத்தில் கிளிஞ்சல்கள். அவரவர் முறை வரும்போது ஒரு கட்டத்தில் ஒரு கிளிஞ்சல் வைக்கலாம், அல்லது தன் கிளிஞ்சல் மேலேயே இன்னொன்றை ஏற்றலாம். இப்படிக் கோபுரம் உயரும். உயரமான கோபுரம் பக்கத்துக் கட்டத்துக் குட்டைக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளலாம். ஏற்றும்போது சரிந்தால் கட்டம் போச்சு. கிளிஞ்சல் தீர்ந்ததும் யாரிடம் கட்டம் அதிகமோ அவருக்கு வெற்றி. கிளிஞ்சலுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. கடையில் மிச்சமிருந்த தோணிப் பெயிண்டில் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை என்று நானே பூசிக் காயவைத்தேன். அந்த வாரம் எங்கள் வீட்டுக் குழம்பிலும் பெயிண்ட் வாசனை வந்ததாக ஒரு குற்றச்சாட்டு உண்டு.

முதல் எதிராளி என் மனைவி. அவளிடம் தோற்றேன். தோற்றதற்குக் காரணம் விதியில் இருந்த ஓட்டை என்று கண்டுபிடித்து ஒரு புது விதி சேர்த்தேன். அந்த விதியை வைத்தே மறுபடி என்னைத் தோற்கடித்தாள். இன்னொரு விதி சேர்த்தேன்.

"நான் ஜெயிக்கக் கூடாதுன்னு ஒரே வரியா எழுதிடுங்களேன், பேப்பர் மிச்சமாகும்" என்றாள்.

பலகையில் வெறும் கட்டம் எனக்குப் போதவில்லை. நிலம் பிடிக்கும் ஆட்டம் என்றால் நிலம் தெரிய வேண்டாமா? ஒட்டுப்பலகையில் எங்கள் ஏரியையே வரைந்தேன். மணல் திட்டுகள், சேற்றுக்கரை, ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம், மீனவர்கள் வலை கட்டும் இடங்கள் ஒவ்வொன்றும் அதனதன் பெயரோடு. முகத்துவாரத்துக் கட்டத்துக்குத்தான் மதிப்பு அதிகம். இறால் கொட்டும் இடம் அதுதானே. வரைந்து முடித்து ஓரத்தில் கோட்டை ஒன்றும் போட்டேன். அந்தப் பலகையை நான் இரண்டு நாள் கண்ணெதிரேயே வைத்துக்கொண்டிருந்தேன். என் அறிவுக்கு நானே சூட்டிக்கொண்ட மாலை அது. தப்பும் அதுதான் என்பது பின்னால் தெரிந்தது.

பெருநாளுக்கு வந்த என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், பலகையைப் பார்த்தார். பாரிமுனைப் பக்கம் பிளாஸ்டிக் பொம்மையும் அட்டை விளையாட்டும் செய்கிற பட்டறை ஒன்றில் அவர் மேஸ்திரி. எந்த ஆட்டம் அச்சுக்குப் போகும் என்பதில் முதலாளி அவர் பேச்சைத்தான் கேட்பார்.

"கோடை லீவுக்குப் புதுசா ஒண்ணு வேணும் மச்சான். பாம்பும் ஏணியும் போட்டுப் போட்டு அச்சே தேஞ்சிடுச்சி. இது நல்லாத்தான் கீது. ஆனா எனக்கு ரெண்டு விஷயம் தெரியணும். படிக்காதவன் இதை ஆட முடியுமா? ஆடினா சண்டை வருமா?"

"சண்டையா?"

"சண்டை வராத ஆட்டத்தை எவன் வாங்குவான்? பிள்ளைங்க அடிச்சிக்கணும். அப்பதான் ரெண்டாவது பெட்டி விக்கும்."

வரும் என்றேன். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும், ஊர்க்காரர் நான்கு பேரை வைத்து ஆடிக் காட்டினால் போதும் என்றும் சொல்லிப் போனார்.

அந்த ஒரு மாதம் நான் எப்படி நடந்தேன் என்பதை மனைவி இன்றும் நடந்து காட்டுவாள். பணம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பெட்டியின் பக்கவாட்டில், சின்ன எழுத்தில், உருவாக்கியவர் என்று என் பெயரும் அதன் பக்கத்தில் ஆண்டும் வர வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. கல்லில் வெட்டிய பெயர்களுக்கு நடுவில் வளர்ந்தவனுக்கு அட்டையிலாவது ஒன்று வேண்டும் அல்லவா? எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்று ஈயக் குண்டுப் பெட்டியின் மூடியில் எழுதிப் பார்த்தேன். பிறகு அந்த மூடியை யாருக்கும் விற்கவில்லை.

ஆட நான்கு மீனவர்களைக் கோட்டைக்குப்பத்திலிருந்து பிடித்தேன். எங்கள் கடையில் நூல் வாங்குகிறவர்கள். ஓர் அண்ணன், அவருடைய தம்பி, பெரிய மீசை வைத்த ஒருவர், எப்போதும் தோளில் சிவப்புத் துண்டோடு திரியும் ஒருவர். நால்வரும் பேச ஆரம்பித்தால் தெருவே சண்டை என்று நினைக்கும். இதைவிடப் பொருத்தமான ஆட்கள் கிடைப்பார்களா? முந்தின நாள் மாலை கடைக்கு வரவழைத்து விதிகளைச் சொன்னேன். கிளிஞ்சலை அடுக்கிப் பார்த்தார்கள். தோணியில் நின்றுகொண்டே கோல் போடும் கைகள், ஒரு கிளிஞ்சலும் சரியவில்லை.

"இன்னா பாய், நம்ம ஏரியவே போட்டுட்டிருக்கியே!" என்று மீசைக்காரர் குனிந்து ஒவ்வோர் இடமாக விரலை வைத்துப் பெயர் சொன்னார். மற்றவர்களும் குனிந்தார்கள். ஒரே உற்சாகம். நான் பூரித்துப்போனேன். முழு ஆட்டம் ஒன்றை ஆடவிட்டுப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிறு பகல் மச்சான் பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். மனைவி இறால் வறுத்து, நண்டுக் குழம்பு வைத்திருந்தாள். கடைக்குப் பின்கட்டில் பாய் விரித்து நடுவில் பலகையை வைத்தேன். கடல்காற்று வராமல் கிழக்கே ஒரு பழைய வலையையும் சாக்கையும் சேர்த்துக் கட்டியிருந்தேன். மச்சான் மோடாவில் உட்கார்ந்து ஒரு நண்டுக்காலைக் கையில் எடுத்துக்கொண்டார். நால்வரும் பலகையைச் சுற்றிக் குந்தினார்கள்.

"ஆரம்பிங்க" என்றேன்.

யாரும் கிளிஞ்சலைத் தொடவில்லை.

"சீட்டு போடலையா பாய்?" என்றார் சிவப்புத் துண்டுக்காரர்.

யார் முதலில் ஆடுவது என்று கேட்கிறார் என நினைத்தேன். பத்திரிகைப் படத்துக் கோட்டுக்காரர்கள்கூட அப்படித்தான் செய்திருப்பார்கள். மச்சானைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துண்டுச் சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டேன். தம்பிக்கு முதல் சீட்டு. அடுத்து மீசைக்காரர், பிறகு சிவப்புத் துண்டு, கடைசியில் அண்ணன்.

தம்பி முகத்துவாரத்தில் ஒரு சிவப்புக் கிளிஞ்சலை வைத்தார். மற்றவர்கள் தள்ளித் தள்ளி ஆளுக்கோர் இடம் பிடித்தார்கள். இரண்டு மூன்று சுற்றில் கோபுரங்கள் உயர்ந்தன. மச்சான் நண்டை மறந்து முன்னால் சாய்ந்தார். மீசைக்காரரின் பச்சைக் கோபுரம் தம்பியுடையதை விட உயரம், அதுவும் பக்கத்துக் கட்டம். பிடிக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரத்தில் தம்பி முகத்துவாரத்திலிருந்த தன் கோபுரத்தை அப்படியே இரண்டு கையால் அணைத்துத் தூக்கிச் சேற்றுக்கரைப் பக்கம் வைத்தார். மீசைக்காரர் நிதானமாக முகத்துவாரத்துக்குப் போனார்.

"ஏன் எடுத்தே?" என்றேன்.

"எம் பாடு முடிஞ்சிது பாய். இப்ப அவரு பாடு."

இங்கே வெளியூர் வாசகருக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஏரியில் இறால் நிறைய விழும் இடங்கள் சில உண்டு. அந்த இடங்களில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்று குப்பத்து ஆட்கள் சீட்டுப் போட்டு முறை வைத்திருப்பார்கள். அந்த முறைக்குப் பெயர் பாடு. இன்று ஒருவர் பாடு என்றால் மற்றவர் வலை அங்கே இறங்காது. நாளைக்கு அவர் விலகிவிட வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? பாட்டுக்குப் போகும் வலைக்கு நூல் விற்றவனே நான்தான். இந்த முறை எவ்வளவு பழையது என்று நால்வரிடமும் கேட்டுக் குறித்தவனும் நான்தான்.

"யோவ், இது ஆட்டம். அவன் கட்டத்தை நீ பிடிக்கலாம். உன் கோபுரம்தான் உயரம்" என்று மீசைக்காரரிடம் முன்பே சொன்ன விதியை மறுபடி சொன்னேன்.

"அவன் வல கட்டிட்டுக்கீறான், நான் போயி அது மேல எறங்கறதா? ஊர்ல சேத்துப்பாங்களா பாய்?"

"இது பலகைய்யா!"

"பலகைதான். ஏரிதானே போட்டிருக்கே?"

மச்சான் மெல்ல என்னைக் கூப்பிட்டார். "யாரு ஜெயிக்கிறா?"

"இனிமேல்தான் தெரியும்."

தெரியவில்லை. மீசைக்காரர் முறை முடிந்து விலக, சிவப்புத் துண்டுக்காரர் வந்தார். அவர் விலக, அண்ணன் வந்தார். ஒரு கோயில் தேர் நான்கு வீதியிலும் நின்று நின்று போவது போல முகத்துவாரத்தைச் சுற்றிக் கோபுரங்கள் ஊர்வலம் போயின. கிளிஞ்சல் தீர்ந்ததும் மேலே இருப்பதை எடுத்து மறுபடி வைத்தார்கள். என் விதிப்படி அப்போதே ஆட்டம் முடிந்திருக்க வேண்டும். என் விதியை யார் கேட்டார்கள்? மச்சான் இரண்டாவது தட்டு நண்டையும் முடித்துவிட்டார்.

அப்போது சாக்கு விலகி ஒரு வீச்சுக் காற்று உள்ளே வந்தது. முகத்துவாரத்தில் இருந்த அண்ணனின் வெள்ளைக் கோபுரம் சரிந்தது.

தம்பி உடனே தன் சிவப்பை எடுத்துக்கொண்டு அங்கே வந்தார்.

"எட்ரா கைய" என்றார் அண்ணன். "காத்துல போச்சி. எம் பாடு இன்னும் ஆவல."

"காத்தடிச்சா நான் இன்னா பண்றது? ஆனது ஆயிப்போச்சி."

"போன வருசம் மழையில உன் வல அடிச்சிகினு போச்சே, உனுக்கு மறுபாடு குடுத்தமா இல்லையா?"

"எங்க குடுத்தே? இவருல்ல அன்னிக்கி எறங்கினாரு!" என்று தம்பி சிவப்புத் துண்டுக்காரரைக் காட்டினார்.

"யம்மாடி, எம்மேல போடறான் பாரு! அன்னிக்கி நான் ஆரம்பாக்கத்துல மச்சினிச்சி கல்யாணத்துல கீறேன்டா."

நால்வரும் எழுந்து நின்றுவிட்டார்கள். துண்டு தோளிலிருந்து இறங்கி இடுப்புக்குப் போயிற்று. குரல் கேட்டுக் கடைத்தெருவிலிருந்து நான்கைந்து தலைகள் எட்டிப் பார்த்தன. மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் கேட்ட சண்டை வந்துவிட்டது. நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். பேசாமல் இருந்து, "பார்த்தீங்களா மச்சான், எப்படிச் சூடு பிடிக்குது" என்று மட்டும் சொல்லியிருக்க வேண்டும்.

"பாய்கிட்ட கேளு. பாய் தேதி வச்சிருப்பாரு. பாய், அந்த மழை செவ்வாக்கெழமதானே?" என்றார் அண்ணன்.

என் உடம்பில் ஏதோ ஒன்று மணி அடித்தது.

"செவ்வாய் இல்லை, புதன்" என்றேன்.

"செவ்வா! கல்யாணம் செவ்வாயில வெப்பாங்களா? அதனாலதான் இவரு சொல்றது பொய்யி" என்றார் தம்பி.

"அதைத்தான் நானும் சொல்றேன். மழை புதன். செவ்வாய்க்கிழமை வெறும் மேகமூட்டம். அன்னைக்குச் சாயங்காலம் எங்க கடைக்குப் பெயிண்ட் டின் வந்து இறங்கிச்சு, நனையலை. மறுநாள்தான் கூரை ஒழுகிச்சு. அமாவாசைக்கு எத்தனாவது நாள்னு பாருங்க..." என்று பாயில் உட்கார்ந்துவிட்டேன். மீசைக்காரர் அமாவாசையை என்னோடு ஒத்துக்கொள்ளவில்லை. நான் விரலை மடக்கினேன், அவர் மடக்கினார். கல்யாணத்துக்குப் போனவர் அங்கே என்ன சாப்பிட்டார், பஸ் ஓடிற்றா, ரயிலில் போனாரா என்று ஒவ்வொன்றாக விசாரித்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் மழை புதன்தான் என்று நால்வரையும் ஒத்துக்கொள்ள வைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு தெளிவாக நான் எதையும் நிறுவியதில்லை. வெற்றியோடு திரும்பிப் பார்த்தபோது மோடா காலி. மச்சான் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். கடைசி பஸ்ஸுக்கு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"மச்சான்! நீங்க கேட்ட சண்டை..."

"பாத்தேன். யாரு மொதல்ல, யாரு அப்புறம்னு சண்டை. அதைக் காசு குடுத்து எவன் வாங்குவான் மச்சான்? ரேசன் கடைக்குப் போனா சும்மாவே கெடைக்குதே."

பஸ் படியில் ஏறியவர் திரும்பி ஒரு வார்த்தை சொன்னார். "ஏரிய எதுக்குப் போட்டே? டில்லியப் போட்டிருக்கக் கூடாது?"

நான் திரும்பி வந்தபோது நால்வரும் மீதி நண்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பலகையைத் திருப்பிப் போட்டேன். பின்பக்கம் வெறும் மரம். சாக்கட்டியால் கட்டம் போட்டு, ஓர் ஆற்றையும் நடுவில் ஒரு கோட்டையையும் வரைந்தேன்.

"இது எந்த ஊரு பாய்?"

"டில்லி."

"யாரோடது?"

"யாரோடதும் இல்லை."

"அட, மொதல்லயே சொல்றதுக்கு இன்னா!" என்று மீசைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு குந்தினார்.

சீட்டு இல்லை, முறை இல்லை. தம்பி முதல் வேலையாக அண்ணன் கோபுரத்தைப் பிடித்தார். சிவப்புத் துண்டுக்காரர் மீசைக்காரரோடு சேர்ந்து ஆடுவதாகச் சத்தியம் செய்துவிட்டு மறு சுற்றிலேயே அவருடைய ஆற்றங்கரையைத் தூக்கிக்கொண்டார். அண்ணன் இருமுவது போல ஊதித் தம்பியின் கோபுரத்தைச் சாய்த்தார். அரசர்களைப் பற்றி நான் படித்த நடுப்பக்கங்கள் எல்லாம் கண்ணெதிரே நடந்தன. ஒரு கிளிஞ்சலும் யாருக்கும் விட்டுக்கொடுக்கப்படவில்லை. ஆசையாக இருக்கவே அண்ணனை நகரச் சொல்லி அவர் இடத்தில் நானும் உட்கார்ந்தேன். முதலில் வெளியேறியவன் நான்தான்.

"நீங்க எழுதின ஆட்டம்தானே?" என்றாள் மனைவி, தட்டுகளை எடுத்துக்கொண்டே.

அடுத்த வாரமே பலகையைத் துணியில் சுற்றிக்கொண்டு சென்னைக்கு ரயில் ஏறினேன். அனுப்பம்பட்டில் ஏறிய ஓர் அம்மாள் அதைக் கதவு என்று நினைத்து என்ன விலை, என்ன மரம் என்று விசாரித்தார். பட்டறையில் டில்லியைத் திருப்பிக் காட்டி, தம்பி அண்ணனைப் பிடித்த கதையை மச்சானிடம் மூச்சு விடாமல் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து நீட்டினார். கோடை விடுமுறைக்கான புது ஆட்டம். கிரிக்கெட். பகடை போட்டு ரன் எடுப்பது. அச்சு மை இன்னும் கையில் ஒட்டியது.

நான் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"இன்னா தேடறே?"

"வருஷம் போடலையே மச்சான்" என்றேன்.

பலகையைத் திரும்பக் கொண்டுவந்து கடையில் ஆணியடித்து மாட்டினேன். நால்வரும் நூல் வாங்க வரும்போதெல்லாம் அதை இறக்கி ஆடினார்கள். உற்சாகமாக இருந்தால் டில்லிப் பக்கம், யாரோடாவது வழக்கு இருந்தால் ஏரிப் பக்கம். டில்லிப் பக்கத்தில் நான் உட்கார்ந்த நாளெல்லாம் முதலில் எழுந்தவனும் நானே. ஏரிப் பக்கத்திலாவது தோற்காமல் இருக்கலாமே என்று ஒரு நாள் எனக்கும் சீட்டுப் போடச் சொன்னேன்.

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விஷயம் விளையாட்டுத்தனமானது இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"அது எப்படி பாய்? நீ கரைக்காரன். பாட்டுல உனுக்குப் பங்கு கெடையாதே" என்றார் அண்ணன்.

"கோச்சிக்காதே. அதுக்காக உன்ன வுட்டுடுவமா?" என்றார் மீசைக்காரர். சாக்கட்டியை வாங்கி, ஏரிக்கு வெளியே, நான் ஆசையாகப் போட்டிருந்த கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டார். "இது உன் கட. நீ இங்க ஒக்காந்து நூல் வித்துக்கோ. இத எவனும் தொடமாட்டான்."

அவர் சொன்னபடியே ஆயிற்று. எண்பதுகள் முடியும்வரை அந்தப் பலகை புழக்கத்தில் இருந்தது. முகத்துவாரம் எத்தனையோ தடவை கை மாறியது, என் கட்டத்தை மட்டும் யாரும் கேட்கவில்லை. மற்றவர்கள் மழையைப் பற்றி வழக்காடும்போதெல்லாம் நான் அங்கே ஒரு கிளிஞ்சல் ஏற்றுவேன். அந்தப் பலகையிலேயே உயரமான கோபுரம் என்னுடையதாகத்தான் இருந்தது. அது முதன்முதலாக முழங்கை உயரத்தைத் தொட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், எழுத முடியாது.